கோழிக்குள் ஒரு தமுக்கு

விடிந்ததும் அப்பத்தா செய்கிற முதல் வேலை பஞ்சாரத்தைத் தூக்குவது. மூங்கில் பிளாச்சில் முடைந்த அந்தப் பெரிய கூடையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வெளியே ஓடி வரும் கோழிகளை எண்ணுவாள். கணக்குக்காக மட்டும் அல்ல. எது முதலில் ஓடுகிறது, எது தயங்குகிறது, எதன் கொண்டை கறுத்திருக்கிறது, எது இறக்கையைத் தொங்கப் போட்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் படித்துவிடுவாள். எல்லாம் ஓடிய பிறகும் ஒன்று மட்டும் கழுத்தை உள்ளுக்கு இழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றால் அவள் முகம் மாறிவிடும். "தூங்குது" என்பாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு உறக்கம் என்று பொருள் கிடையாது.

அது 1970கள். நாகமலை புதுக்கோட்டை அன்று மதுரையின் புறநகர் அல்ல. தேனிச் சாலையோரம், பாம்பு போல நீண்டு கிடக்கும் மலைக்கு அடியில் ஒரு கிராமம். வீட்டுக்கு வீடு கோழி உண்டு. பெருவிடை ஒன்றிரண்டு, சிறுவிடை ஏழெட்டு. அவசரத்துக்கு ஒரு வெடைக்கோழியை விற்றால் பள்ளிக்கூடத்து நோட்டு வந்துவிடும். முட்டையைக் கொடுத்து உப்பு புளி வாங்கலாம். கோழிதான் பெண்களின் சுருக்குப்பை.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் அந்தப் பைக்கு ஆபத்து. தூங்குகிற கோழி வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் செத்து விழும். ஒரு வீட்டில் தொடங்கினால் ஒரு வாரத்தில் தெருவே காலி. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சளை அரைத்து அப்பத்தா உருண்டை பிடித்து ஊட்டுவாள். சிலர் சாவதற்கு முன் அடித்துக் குழம்பு வைப்பார்கள். இன்னும் சிலர் கிடைத்த விலைக்கு யாவாரியிடம் தள்ளிவிடுவார்கள். அவர் சைக்கிளில் தொங்கும் கோழிகளோடு நோயும் அடுத்த ஊருக்குப் போகும். அம்மன் கோபம் என்று ஒரு பேச்சு, காற்றுச் சேட்டை என்று ஒரு பேச்சு. மொத்தமாக எல்லாருக்கும் தெரிந்த பெயர் கோழிச்சீக்கு.

அரசாங்கத் தாளில் அதற்குக் கோழிக்கழிச்சல் என்று பெயர். மருத்துவர்கள் ராணிக்கேத் நோய் என்பார்கள். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இந்த வைரஸ் நோய் முதலில் பதிவாயிற்று. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலை அடுக்கில் உள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால், இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. அதே மலைப்பகுதியில் முக்தேஸ்வரில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் 1940களில் வைரஸை முட்டைக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியம் தணிந்த தடுப்பூசி ரகம் ஒன்றை உருவாக்கினார்கள். நம் பக்கத்தில் தடுப்பூசி தயாரித்துத் தரும் அரசு நிறுவனம் 1932இல் தொடங்கியது. அது இருப்பது ராணிப்பேட்டையில். நோய்க்கு ஒரு ராணி, மருந்துக்கு ஒரு ராணி. ஆனால் எழுபதுகளில் எங்கள் தெருக் கோழிகளுக்கு ராணிப்பேட்டை வெகு தூரம்.

அப்பத்தா அந்தக் கோழியில் கண்டது என்ன என்பது எனக்குப் பல ஆண்டு கழித்து, உயிரியல் படிக்கப் போனபோதுதான் விளங்கியது. வீட்டிலிருந்து அதே தேனிச் சாலையில் மேற்கே போனால் நாகமலை அடிவாரத்தில் பல்கலைக்கழகம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. அந்த நூலகத்தில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைப் புரட்டியபோது கோழி முட்டை ஒன்று குறுக்கே வந்தது.

கதை 1957இல், லண்டனின் மில் ஹில் ஆய்வு நிறுவனத்தில் நடக்கிறது. அலிக் ஐசக்ஸ், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஜான் லிண்டன்மன் என்று இரண்டு பேர். அடை வைத்த முட்டையில் கருவைச் சுற்றி, ஓட்டுக்கு உள்புறமாக ரத்தக் குழாய் ஓடும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதை எடுத்து, சூடாக்கிச் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸோடு ஊற வைத்தார்கள். பிறகு அந்த நீரை மட்டும் வடித்து, வேறொரு முட்டையின் புதுச் சவ்வுக்கு ஊற்றி, அதில் உயிருள்ள வைரஸை விட்டார்கள். வைரஸ் வளரவில்லை. முதல் சவ்வு ஏதோ ஒன்றை நீரில் விட்டுச் சென்றிருந்தது. அது இரண்டாவது சவ்வை எச்சரித்திருந்தது. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். நம்பாதவர்கள் அதை 'மிஸ்இன்டர்ப்ரட்டான்' என்று கேலி செய்தார்கள். தவறாகப் புரிந்துகொண்டதற்கு ஒரு பெயராம். ஜப்பானில் நாகானோ, கோஜிமா இருவரும் 1954இலேயே முயல் தோலில் இதைப் போன்ற ஒன்றைப் பார்த்திருந்தார்கள். ஆனால் பெயர் பிறந்தது முட்டைச் சவ்வில்தான்.

இன்று சைட்டோகைன் என்று அழைக்கப்படும் பெருங்கூட்டத்தில் இன்டர்ஃபெரான் ஒன்று. உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியே விடும் புரதங்கள் இவை. எங்கள் ஊரில் அன்று தமுக்கு அடித்துச் சேதி சொல்வார்கள். கண்மாய் மடை திறக்கிறார்கள் என்றால் ஓர் அடி, வரி கட்டச் சொல்வதென்றால் வேறோர் அடி. சத்தம் கேட்டவர் தத்தம் வேலையைப் பார்த்துக்கொள்வார். உடம்புக்குள்ளும் அதுதான் நடக்கிறது. வைரஸ் புகுந்த அணு இன்டர்ஃபெரான் தமுக்கை அடிக்கிறது. அக்கம்பக்கத்து அணுக்கள் கதவைச் சாத்தி, வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான வேலைகளை நிறுத்தி வைக்கின்றன. இன்டர்லூக்கின் என்னும் இன்னொரு வகையில் சில, வெள்ளணுக்களைப் பெருகச் சொல்கின்றன. கீமோகைன்கள் அவற்றை இந்தத் தெருவுக்கு வா என்று இழுக்கின்றன. இன்டர்லூக்கின்-10 போன்றவை "போதும், நிறுத்து" என்கின்றன. நிறுத்தாவிட்டால் காவலே வீட்டை இடித்துவிடும்.

இந்தத் தமுக்குகளில் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 இரண்டின் சத்தம் மூளை வரை போகும். அது கேட்டதும் உடம்பு சூடேறும், தீனி வேண்டாம் என்று தோன்றும், ஓரிடத்தில் ஒடுங்கி நிற்கச் சொல்லும். உடலின் சக்தி முழுவதும் சண்டைக்குப் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. கழுத்தை இழுத்து, இறகைச் சிலிர்த்து, கண்மூடி நிற்கும் கோழி அந்த உத்தரவைத்தான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. பஞ்சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அப்பத்தா பார்த்துக்கொண்டிருந்தது நோயை அல்ல. நோயோடு போராடும் கோழியின் சேதியை. சேதி சரிதான். அவள் காதுக்கு வரும்போது நேரம் கடந்திருந்தது.

முட்டை சொன்ன சேதியைக் கேட்டவர்கள் அடுத்து கோழியைப் பார்க்கவில்லை. மனிதரைப் பார்த்தார்கள். கோழியின் இன்டர்ஃபெரான் மனித அணுவில் வேலை செய்யாது. எனவே மனித இன்டர்ஃபெரானைத் தேடினார்கள். பின்லாந்தில் தானமாக வந்த ரத்தத்திலிருந்து துளித் துளியாக எடுத்தார்கள். 1980ஐ ஒட்டி மனித மரபணுவைப் பிரித்து பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்கும் வழி பிறந்தது. 1986இல் அமெரிக்காவில் அரிய ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. பிறகு கல்லீரல் அழற்சி நோயாளிகளுக்கும் அது பல ஆண்டுகள் கைகொடுத்தது.

கோழியின் சொந்த இன்டர்ஃபெரான் மரபணுவைப் பிரித்தெடுத்தது எப்போது தெரியுமா? 1994இல். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில். முட்டைச் சவ்வில் கண்டுபிடித்து 37 ஆண்டு கழித்து. அதன்பின் வரிசையாக வந்தன: 1995இல் இன்டர்ஃபெரான்-காமா, 1997இல் இன்டர்லூக்கின்-2, 1998இல் இன்டர்லூக்கின்-1 பீட்டா.

தாமதத்துக்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. பறவைக்கும் பாலூட்டிக்கும் வழி பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இந்தப் புரதங்கள் கிருமியோடு ஓயாமல் மல்லுக்கட்டுவதால் வேகமாக மாறுகின்றன. கோழியின் சைட்டோகைனையும் மனிதனுடையதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு ஒத்துப்போனாலே அதிகம். மனிதருக்கும் எலிக்கும் செய்த சோதனைப் பொருள்கள் கோழியிடம் பலிக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது.

2004இல் காட்டுக்கோழியின் முழு மரபணுத் தொகுதி வெளிவந்தபோதுதான் கதவு திறந்தது. வீட்டுக்கோழிகளின் மூதாதையான செங்கானகக்கோழியின் மரபணு அது. அதில் தேடி இருபதுக்கும் மேற்பட்ட இன்டர்லூக்கின்களையும் இருபதுக்கும் மேற்பட்ட கீமோகைன்களையும் அடையாளம் கண்டார்கள். அப்போதும் ஒன்று அகப்படவில்லை. மனித உடலில் அழற்சியின் பெரிய தமுக்கான டிஎன்எஃப்-ஆல்ஃபா கோழியில் கிடையாது என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2018இல்தான் அது பிடிபட்டது. வாசிக்கக் கடினமான மரபணுப் பகுதி ஒன்றில் ஒளிந்திருந்தது. இல்லை என்று சொன்னது கோழியின் குறை அல்ல, நம் கண்ணின் குறை.

உண்மையிலேயே இல்லாத ஒன்றும் உண்டு. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக வெடித்தபோது நாமக்கல் வரை பண்ணைகள் நடுங்கின. அந்த வைரஸின் பல ரகங்கள் வாத்தை அதிகம் வாட்டாமல் கடந்துபோகும். கோழியைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும். ஏன் இந்த ஓரவஞ்சனை? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2010இல் ஒரு விடை சொன்னது. வைரஸின் ஆர்என்ஏவை அணுவுக்குள் மோப்பம் பிடித்து இன்டர்ஃபெரான் தமுக்கை அடிக்கச் சொல்லும் 'ரிக்-ஐ' என்ற காவல் புரதம் வாத்தில் இருக்கிறது, கோழியில் இல்லை. வாத்தின் அந்த மரபணுவைக் கோழி அணுக்களில் வைத்தபோது தமுக்குச் சத்தம் கூடியது, வைரஸின் வளர்ச்சி குறைந்தது. முழு விடை இது ஒன்றே அல்ல. ஆனாலும் ஒரே வயலில் மேயும் இரண்டு பறவைகளுக்கு ஏன் இரண்டு விதி என்று கேட்ட தலைமுறைகளுக்கு ஒரு நூல்முனை கிடைத்தது.

இன்றைய ஆய்வுக்கூடத்தில் இந்தச் சேதிகளைக் கேட்கும் முறையே வேறு. கோழியின் இறக்கை நரம்பில் கொஞ்சம் ரத்தம். அதிலுள்ள வெள்ளணுக்களில் எந்தச் சைட்டோகைன் மரபணு எவ்வளவு விழித்திருக்கிறது என்று சில மணி நேரத்தில் பிசிஆர் கருவி சொல்லிவிடும். புரதத்தையே அளக்க எலைசா தட்டுகள் இருக்கின்றன. கோழி தூங்கி நிற்கும் முன்பே, அது தூங்கப்போகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

இதனால் ஆகும் காரியங்கள் பல. தடுப்பூசி வேலை செய்ததா என்பதை முன்பு ரத்தத்தில் எதிர்ப்புரத அளவை வைத்து மட்டும் முடிவு கட்டினார்கள். அது பாதிக் கதை. அணுக்கள் நேரில் இறங்கிச் சண்டையிடும் மறுபாதியை இன்டர்ஃபெரான்-காமாவின் அளவு சொல்கிறது. தடுப்பூசியோடு எதைச் சேர்த்தால் தமுக்கு சரியான அளவில் ஒலிக்கும் என்றும் தேடுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் இஸ்ஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில், உடலின் காவல் புரதம் ஒன்றைத் தட்டி எழுப்பும் ரெசிகுவிமாட் என்ற சேர்மத்தைக் கோழிகளில் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். அசீல், கடக்நாத் போன்ற நம் இனங்களில் இந்தக் காவல் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்ற ஒப்பீட்டு ஆய்வுகளும் உண்டு. நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று கடைத்தெருவில் சொல்வதை இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. இனத்துக்கு இனம் சேதியின் அளவு வேறுபடும் என்பதுதான் அவை சொல்வது.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்க் குக் செய்த வேலை. ரத்தக் கழிச்சல் என்று பண்ணைக்காரர்கள் அஞ்சும் காக்சிடியா நோயில், "போதும், நிறுத்து" என்னும் இன்டர்லூக்கின்-10 ஏறிவிடுகிறது. காவல் தளர்ந்து ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்கிறது. குக்கின் குழுவினர் அந்தச் சேதிக்கு எதிரான எதிர்ப்புரதத்தை முட்டைக்கோழிகளின் உடலில் உருவாகச் செய்தார்கள். அது மஞ்சள் கருவில் சேர்ந்தது. அந்த மஞ்சள் கருவைத் தீனியில் கலந்து குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். மருந்து செய்ததும் கோழி, தின்றதும் கோழி. ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்கும் வழிகளைப் பண்ணை உலகம் தேடும் காலம் இது. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பான கோலிஸ்டினைக் கால்நடைத் தீனியில் சேர்க்க இந்தியாவே 2019இல் தடை போட்டுவிட்டது. இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு இன்று காது கொடுக்க ஆள் இருக்கிறது.

ஆனால் சைட்டோகைனையே புட்டியில் அடைத்துப் பண்ணைக்கு விற்பது இன்னும் கட்டுப்படியாகவில்லை. மனிதருக்கு ஓர் ஊசிக்கு ஆயிரக்கணக்கில் செலவிடலாம். 40 நாளில் எடைக்குப் போகும் கறிக்கோழிக்கு அது முடியுமா?

இன்றைய நாகமலை புதுக்கோட்டையில் அப்பத்தா பஞ்சாரம் கவிழ்த்த இடம் சிமெண்டுத் தரை. தேனிச் சாலையின் இரு பக்கமும் அடுக்குவீடுகள், பேக்கரிகள், கறிக்கோழிக் கடைகள். முட்டை நாமக்கல்லிலிருந்து அட்டையில் வருகிறது. பண்ணைக் கோழிக்குக் குஞ்சுப் பருவத்திலிருந்தே கண்ணில் சொட்டு, குடிநீரில் மருந்து என்று தடுப்பூசி அட்டவணை தவறாது. ஆனால் மொட்டைமாடியிலும் கொல்லையிலும் எட்டு, பத்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவியல் அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. தடுப்பூசிக் குப்பியில் நூறு கோழிக்கான மருந்து. குளிரில் வைக்க வேண்டும், கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பத்துக் கோழிக்கு நூறு மருந்தை யார் வாங்குவார்?

அந்த இடைவெளியை அடைக்கத்தான் மாநிலக் கால்நடைத் துறை கோடைக்கு முன், பிப்ரவரியில் இரு வார முகாம் நடத்தி வருகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு இறக்கையடியில் இலவச ஊசி. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், ஊசியே வேண்டாதபடி தீனி போலக் கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. பஞ்சாரத்துக் கோழிக்கென்றே யோசித்த மருந்து அது.

போன முகாமுக்கு எங்கள் தெரு அக்கா ஒருவர் தன் பத்துக் கோழிகளைச் சாக்கிலும் கூடையிலுமாகக் கொண்டுபோய் ஊசி போட்டு வந்தார். மறுநாள் மாலை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஊசி போட்டதுல இருந்து ரெண்டு கோழி தூங்குது. மருந்து சேரலையா?"

போய்ப் பார்த்தேன். கம்பிக் கூண்டின் மூலையில் இரண்டும் கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நின்றன. ஐம்பது ஆண்டுக்கு முன் பார்த்த அதே நிற்பு. ஆனால் கொண்டை சிவந்திருந்தது, எச்சம் கெட்டியாக இருந்தது, தண்ணீர் வைத்ததும் குனிந்து குடித்தன. ஊசியில் போனது உயிருள்ள, வீரியம் தணிந்த வைரஸ்.  அதைப் பார்த்து உள்ளே தமுக்கு அடிக்கத் தொடங்கியிருக்கும். இந்தச் சத்தம் அடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

"மருந்து சேர்ந்திருச்சுக்கா, அதான் தூங்குது" என்றேன். "தண்ணி வையுங்க. ரெண்டு நாள் பாருங்க. கழிஞ்சா, கழுத்து திருகினா உடனே டாக்டர்ட்ட காட்டுங்க."

அவர் முழுதாக நம்பவில்லை. சின்ன வெங்காயத்தை அரிந்து சோற்றில் பிசைந்து வைத்தார். நான் தடுக்கவில்லை.

இரண்டாம் நாள் விடிகாலையில் கூண்டுக் கதவைத் திறக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். அக்கா எண்ணிக்கொண்டிருந்தார், பத்து இருக்கிறதா என்று. நான் எண்ணவில்லை. எது முதலில் ஓடுகிறது, எது தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.